வாகனத்தின் வலி

திருவிழாக் காலத்தில் பெருமான் குதிரை வாகனத்தில் எழுந்தருளும்போது நம் கண்கள் எங்கே செல்கின்றன? முதலில் திருமுகத்துக்கு, பிறகு திருவாபரணங்களுக்கும் மாலைகளுக்கும், கடைசியாகத் திருவடிக்கு. அந்தத் திருவடியைத் தாங்கி நிற்கும் குதிரையைப் பெரும்பாலும் குழந்தைகள்தாம் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். சித்திரைப் பௌர்ணமியில் தங்கக் குதிரையேறி வைகைக்கு எழுந்தருளும் அழகர், இராப்பத்தின் எட்டாம் நாளில் திருவரங்கத்து வேடுபரிக்காகக் குதிரையேறும் நம்பெருமாள், ஊர் எல்லையில் குதிரையோடு காவல் நிற்கும் ஐயனார் என்று நம் வழிபாட்டில் குதிரைக்கு எத்தனையோ இடங்கள் உண்டு. ஆயினும் உயிருள்ள குதிரையோடு பழகும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டுவதில்லை. முப்பத்தாறு ஆண்டுகளை வங்கியின் பேரேடுகளோடு கழித்த எனக்கு, ஓய்வுக்குப் பிறகு அந்த வாய்ப்பு மூன்று நண்பர்களால் கிடைத்தது. அதில் கற்ற ஒன்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மூவருள் ஒருவர் பவானிக்கும் அந்தியூருக்கும் இடையே தோட்டம் வைத்திருக்கும் விவசாயி. இன்னொருவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். மூன்றாமவர் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். மூவரையும் சேர்த்து வைத்தது அந்தியூர்ப் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாதான். அத்திருவிழாவோடு கூடும் கால்நடைச் சந்தையில் குதிரைகளுக்குத் தனிப் பெயர் உண்டு. திப்பு சுல்தான் காலத்திலேயே படைக்குக் குதிரை வாங்க அங்கே வந்ததாக அவ்வூர்ப் பெரியோர் சொல்வர். வடக்கேயிருந்து மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளும் அங்கே வரும். நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொட நிற்கும் அவற்றின் காதுகளைப் பார்த்துக்கொண்டே அரைநாள் நிற்கலாம். என் நண்பர்கள் ஆண்டுதோறும் மூன்று நாட்கள் நிற்பார்கள்.

விவசாய நண்பரின் தாயாருக்கு எண்பது வயதைக் கடந்த நிலையில் இரு கண்களிலும் புரை முற்றிவிட்டது. "இனிமேல் நான் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்று இரண்டு ஆண்டுகள் மருத்துவத்தைத் தள்ளிப் போட்டார். பிறகு மகன் வற்புறுத்தி அழைத்துச் சென்று அறுவைச் சிகிச்சை செய்வித்தார். கட்டு அவிழ்த்த பதினைந்தாம் நாள் பழனிக்கு அழைத்துச் சென்றார். தீபாராதனையின்போது அந்த அம்மையார், "சாமி முகம் தெரியுது, சாமி முகம் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே நின்றாராம். அன்று மலையடிவாரத்தில் நண்பர் ஒரு வேண்டுதல் செய்துகொண்டார். அடுத்த தைப்பூசத்துக்குள் தம் குதிரையேறிப் பழனிக்கு வருவதாகவும், அப்பயணத்தின் பெயரால் நன்கொடை திரட்டி நூறு முதியவர்களுக்குக் கண்புரை நீக்கிக் கொடுப்பதாகவும் முருகனிடம் சொல்லிவிட்டார்.

ஆசிரியர் தாமும் உடன் வருவதாகச் சொன்னார். மருத்துவர் ஒரு வேனில் தண்ணீரும் தீவனமும் மருந்தும் எடுத்துக்கொண்டு பின்தொடர இசைந்தார். குதிரையேறத் தெரியாத என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.

பாதையை நாங்கள் நால்வரும் அமர்ந்து வகுத்தோம். அந்தியூர்க் குருநாதரை வணங்கிப் புறப்பட்டு, பவானிக் கூடுதுறையில் சங்கமேசுவரரைத் தரிசித்து, அங்கிருந்து காவிரியை ஒட்டிக் கொடுமுடிக்குச் செல்வது. பின்னர் முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் வழியாகப் பழனியை அடைவது. பங்குனி உத்திரத்துக்காகக் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் முகந்து பழனிக்குக் காவடி சுமந்து செல்வது கொங்கு நாட்டார் வழக்கம். அந்தப் பழைய வழியின் மணம் எங்கள் பயணத்திலும் இருக்கட்டும் என்று ஆசிரியர் விரும்பினார். தார்ச்சாலை குளம்புக்கும் காலுக்கும் கடுமையானது. ஆகவே 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்காலின் மண்கரையை இயன்ற இடங்களில் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் என்று ஏழு நாட்கள். பூசக் கூட்டத்தில் குதிரைகள் மிரளாமல் இருக்க, விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அடிவாரம் சேர்ந்துவிட வேண்டும்.

பொருளாளர் என்ற முறையில் நான் இரண்டு விதிகளை வைத்தேன். நன்கொடைக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு. இருவர் கையெழுத்தில்லாமல் பணம் வெளியே போகக்கூடாது. குதிரைகளின் கொள்ளு, தவிடு, லாடச் செலவு எதுவும் அந்தக் கணக்கைத் தொடக்கூடாது; அது நண்பர்களின் சொந்தப் பொறுப்பு. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

மருத்துவரோ என் விதிகளைவிடக் கடுமையான விதிகளை வைத்தார். விவசாய நண்பர் ஏறவிருந்தது பொன்னி என்னும் பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. அதன் எடை சுமார் 380 கிலோ. தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரையின் முதுகில் ஏற்றக்கூடாது என்பது பொதுவான வரம்பு. அப்படியானால் 76 கிலோ. சேணமும் மற்றவையும் 8 கிலோ போக, ஏறுபவருக்கு மிஞ்சுவது 68. நண்பரோ அப்போது 76 கிலோ இருந்தார். "ஈட்டின் மதிப்புக்கு மேல் கடன் கொடுப்பீர்களா?" என்று மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் மறுத்துத் தலையசைத்தேன். அன்றோடு நண்பரின் மாலை நேரப் பலகாரம் நின்றது. ஐந்து மாதத்தில் 67 கிலோவுக்கு வந்துவிட்டார்.

பயிற்சி ஆவணியில் தொடங்கியது. முதல் மாதம் முழுவதும் நடை மட்டுமே. நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர். எனக்கு இது வியப்பாக இருந்தது. பாய்ந்து ஓடும் பிராணிக்கு நடைப் பயிற்சி எதற்கு என்று கேட்டேன். மருத்துவர் விளக்கினார்: "குதிரையின் நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். எலும்பும் தசைநாணும் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். நெஞ்சு தயாராகிவிட்டதே என்று ஓடவிட்டால் கால் கெட்டுவிடும்." உற்சாகம் முந்திக்கொள்ளும், உறுதி மெல்லத்தான் வரும் என்பது மனிதருக்கும் பொருந்தும் அல்லவா?

பிறகு தூரம் சிறிது சிறிதாகக் கூடியது. என்னிடம் இரண்டாவது பேரேடு ஒன்றும் தரப்பட்டது. அதில் பொன்னிக்கும், ஆசிரியரின் குதிரையான வேலனுக்கும் நாள்தோறும் நாடித்துடிப்பு, மூச்சு, குடித்த தண்ணீர், உண்ட தீவனம் எல்லாம் எழுத வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு முப்பது முதல் நாற்பது முறையே துடிக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். நம் இதயத்தில் ஏறத்தாழப் பாதி வேகம். பன்னாட்டு நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் இடையிடையே மருத்துவர் நாடி பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் துடிப்பு 64 அளவுக்குத் தணியாத குதிரை மேற்கொண்டு செல்லக்கூடாது. கோட்டை முதலில் கடந்தாலும், இறுதிச் சோதனையில் குதிரை நலமாக இல்லையென்றால் வெற்றி கிடையாது. எங்கள் மருத்துவர் அதே அளவை எங்களுக்கும் வைத்தார்.

லாயத்தில் நாற்பது ஆண்டுகளாகக் குதிரை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. குதிரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்பார். குடல் ஓசை சரியாக இருக்கிறது என்பார். குதிரைக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் கிடையாது என்றும், அதனால் வயிற்றில் சிறு கோளாறு வந்தாலும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் அவர் சொல்லியே அறிந்தேன். ஒவ்வொரு நாளும் சேணத்தை இறக்கியதும் நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பார்ப்பார். அந்தக் கைதான் எங்கள் திட்டத்தை மாற்றியது.

மார்கழி கடைசி வாரம். புறப்பட இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. நோட்டீசு அச்சாகிவிட்டது. வழியில் தங்குமிடங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அறுபத்து நான்கு பேரின் சிகிச்சைக்கான தொகை கணக்கில் சேர்ந்திருந்தது. காலைப் பயிற்சி முடிந்து பொன்னியின் கால்களைத் தடவிய பெரியவர், இடது முன்னங்காலில் கையை வைத்தபடியே அமர்ந்துவிட்டார். "சூடு இருக்குதுங்க" என்றார். எங்கள் கண்ணுக்கு நொண்டல் எதுவும் தெரியவில்லை. மருத்துவர் வந்து அழுத்திப் பார்த்தபோது பொன்னி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பின்புறத் தசைநாணில் வீக்கம் தொடங்கியிருந்தது. "இப்போது நிறுத்தினால் குணமாகும். ஏழு நாள் சுமந்தால் நாண் கிழியவும் கூடும்" என்றார்.

அன்று மாலை தோட்டத்து வாசலில் கூடினோம். நண்பர் வாய் திறக்கவில்லை. நேர்ந்த வேண்டுதல், குறித்த நாள், அறிவித்த பயணம். உறவினர் ஒருவர், வலி தெரியாதிருக்க ஊசி போட்டு அழைத்துச் செல்லலாமே என்றார். "வலி என்பது எச்சரிக்கை மணி. மணியின் நாக்கை அறுத்துவிட்டால் தீ அணைந்துவிடாது" என்று மருத்துவர் மறுத்தார். வேறொருவர், "சாமி காரியம், அவன் பார்த்துக்கொள்வான்" என்றார். அப்போது திண்ணையோரம் நின்ற லாயத்துப் பெரியவர் மெல்லச் சொன்னார்: "ஏனுங்க, வேண்டிக்கிட்டது நாமதானுங்க. பொன்னி வேண்டிக்கலீங்களே."

ஆசிரியர் அதுவரை பேசாமல் இருந்தவர், பாரதத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னார். பதினான்காம் நாள் போர். மகனை இழந்த பார்த்தன், சூரியன் மறைவதற்குள் சயத்ரதனைக் கொல்வேன், இல்லையேல் தீப்புகுவேன் என்று சூளுரைத்திருந்தான். பகல் சரிந்துகொண்டிருந்தது, சயத்ரதனோ இன்னும் தொலைவில் இருந்தான். அந்த நேரத்தில் தேர்க்குதிரைகள் அம்பு தைத்து, தாகத்தால் களைத்துப் போயின. கண்ணன் தேரை நிறுத்தினான். பார்த்தன் தேரைவிட்டு இறங்கித் தரையில் நின்று பகைவரைத் தடுத்தான். கணையால் நிலத்தைப் பிளந்து நீர்நிலை உண்டாக்கினான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, தைத்திருந்த அம்புகளைத் தன் கையால் பிடுங்கி, உடலைத் தேய்த்து, நீராட்டி, நீரும் புல்லும் கொடுத்துக் களைப்பாற்றினான். அதன் பின்னரே மீண்டும் பூட்டினான். "உயிரையே பணயம் வைத்த சபதம். நேரமோ நாழிகைக் கணக்கு. அங்கேயே பகவான் குதிரைக்காகத் தேரை நிறுத்தினான். நமக்கு என்ன அவசரம்?" என்றார் ஆசிரியர்.

நண்பர் தாயாரின் முகத்தைப் பார்த்தார். வேண்டுதல் அவரைக் குறித்தது ஆயிற்றே. அந்த அம்மையார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏஞ் சாமி, முருகன் மயில் மேல வர்றவரு. வாகனத்தோட வலி அவருக்குத் தெரியாமப் போகுமா? நீ நடந்து போய்ச் சொல்லிட்டு வா. அவரு காத்திருப்பாரு."

அத்தோடு பேச்சு முடிந்தது. வேலன் நலமாக இருந்தும், தாம் மட்டும் குதிரையேறிச் செல்ல ஆசிரியர் ஒப்பவில்லை.

எஞ்சியது என் பொறுப்பு. குதிரைப் பயணத்தின் பெயரால் பணம் கொடுத்தவர்களுக்குப் பயணம் நடவாதபோது என்ன சொல்வது? நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினோம். பொன்னியின் நிலையை மறைக்காமல் சொல்லி, பயணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது என்றும், தொகையைத் திரும்பப் பெற விரும்புவோருக்கு உடனே அனுப்பப்படும் என்றும், இசைவு தந்தால் பயணத்துக்குக் காத்திராமல் சிகிச்சைக்குப் பயன்படுத்துவோம் என்றும் தெரிவித்தோம். ஒரே ஒருவர் திரும்பக் கேட்டார்; மறுநாளே காசோலை அனுப்பினோம். மற்றவர்கள் இசைந்தார்கள். தொகையைக் கூட்டி அனுப்பியவர்களும் உண்டு.

அந்த நாட்களில் என் நினைவு மாணிக்கவாசகரிடம் சென்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன், திருப்பெருந்துறையில் இறைவன் திருப்பணியாயிற்று. குதிரை எங்கே என்று மன்னன் கேட்டபோது, நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டு குதிரைச் சேவகனாய்ப் பெருமானே வந்தான். மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் அந்த லீலையைக் கண்டு வணங்குகிறோம். அடியார்க்கு இறைவன் கொடுத்த சலுகை அது; நம்மைப் போன்றவர்கள் கொடுத்தவரின் இசைவைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் குதிரை வராவிட்டாலும் குதிரைக்கென வந்த பொருள் அறத்துக்கே சென்றது என்பதில் எங்களுக்கும் ஒரு நிறைவு இருந்தது. பங்குனி முடிவதற்குள் எழுபத்தொரு பேருக்குக் கண் ஒளி திரும்பியது.

நண்பர் தைப்பூசப் பாதயாத்திரையில் கொடுமுடி வழியாக நடந்தே சென்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தார். பொன்னிக்கு முதல் சில நாட்கள் காலில் குளிர்நீர் ஊற்றினார்கள்; பின்பு மாதக்கணக்கில் ஓய்வு; அதன்பின் கையில் பிடித்து நடத்தல். இவ்வாண்டு ஆவணியில் மருத்துவர் சம்மதித்த பிறகு, நாளுக்கு ஐந்து கிலோமீட்டர் நடையோடு பயிற்சி மறுபடி தொடங்கியிருக்கிறது. தையில் புறப்படுவார்களா என்பதைப் பொன்னியின் கால்தான் தீர்மானிக்கும். பேரேட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

இதை வாசிக்கும் அன்பர்களுள் குதிரையேறிப் பழனிக்குப் போகிறவர் எவரும் இருக்கமாட்டார். ஆனால் நம் அனைவரையும் யாரோ சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். திருவரங்கத்தில் பெருமாளின் பல்லக்கைச் சுமப்பவர்களுக்குச் சீர்பாதம் தாங்கிகள் என்று பெயர். சுமப்பவருக்கு எவ்வளவு உயர்ந்த பெயரை நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள்! நாம் சிற்றுந்து அமர்த்திக்கொண்டு ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் தரிசித்துவிட வேண்டும் என்று விடியுமுன் புறப்படுகிறோம். வண்டி ஓட்டும் பிள்ளை முந்தின இரவு எத்தனை மணிக்கு உறங்கினான்? நடை சாத்துவதற்குள் அடுத்த கோயிலுக்குப் போய்விடலாம் என்று விரட்டும்போது, அவன் மதியம் உண்டானா? மலைக்கோயிலில் நம்மை டோலியில் தூக்கிச் செல்பவரின் தோள் எப்படி இருக்கிறது? கோயிலுக்கு அழைத்துப் போ என்று சொன்னதும் அலுவலக விடுப்பைச் செலவிட்டு நம்மோடு வரும் மகனும் மருமகளும் அந்த வாரம் எவ்வளவு களைத்திருந்தார்கள்? வேண்டுதல் நம்முடையது. அவர்கள் வேண்டிக்கொள்ளவில்லை.

நாள் தள்ளிப் போனால் தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்ற அச்சம் வயதானவர்களாகிய நமக்கு அதிகம். அடுத்த ஆண்டு இருப்போமோ மாட்டோமோ என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. அந்த அச்சம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தொண்ணூறை நெருங்கும் அந்த அம்மையாருக்கும் அது இருந்திருக்கும். இருந்தும் அவர் காத்திருக்கச் சொன்னார்.

அடுத்த முறை தலயாத்திரை புறப்படும்போது ஒரு சிறு காரியம் செய்யுங்கள். அர்ச்சனைத் தட்டு வாங்குவதற்கு முன் ஓட்டுநரை அழைத்து, "சாப்பிட்டாயா தம்பி? தூங்கினாயா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் ஒரு தலத்தைக் குறைத்துக்கொண்டு அவரை ஒரு மணி நேரம் நிழலில் உறங்க விடுங்கள். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் பிராகாரத்தில் அமர்ந்து நாமம் சொல்லிக்கொண்டிருக்கலாம். விட்டுப்போன தலத்துப் பெருமான் இன்னொரு நாள் வரச் சொல்வார்.